விட்டுப்போன ஊசி

பிள்ளையார்பாளையத்தில் மாணிக்கவாசகத்தைச் சொன்ன நாள் தவறாதவன் என்பார்கள். முகூர்த்தப் புடவைக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, காய்ச்சல் வந்தது, சரிகை வரவில்லை, சம்பந்தி வீட்டில் சாவு என்று கடைக்காரரை நடையாய் நடக்க விடுகிற நெசவாளர்கள் எந்தத் தெருவில்தான் இல்லை? அவன் அந்த ரகம் இல்லை. வெள்ளிக்கிழமை என்று சொன்னால் வெள்ளிக்கிழமை காலையில் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு கடைவாசலில் நிற்பான்.

அமாவாசை வந்தால் அந்தத் தெருவில் தறிச்சத்தம் கேட்காது. தறியைத் துடைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, துணியைப் போட்டு மூடிவிடுவார்கள். மற்றவர்கள் அன்று வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்வம்பு பேசுவார்கள், சினிமாவுக்குப் போவார்கள். மாணிக்கவாசகத்துக்கு மட்டும் இருப்புக்கொள்ளாது. மறுநாள் விடியுமுன்பே தறிக்குழியில் காலை விட்டானானால், முதல்நாள் நெய்யாததையும் சேர்த்து நெய்து முடித்த பிறகுதான் எழுந்திருப்பான். அம்மா காமாட்சியம்மாள் கத்துவாள்: "டேய், துண்ணுட்டுப் போய்க் குந்துடா, பாவு எங்கியும் ஓடிப்போவாது." காதில் விழாது. விட்ட நாளை மறுநாளில் பிடித்துவிட வேண்டும். அப்பன் அப்படித்தான் பழக்கியிருந்தார், அவன் உடம்பிலும் அது ஊறிப்போயிருந்தது.

அவன் மனைவி ஏலவார்குழலி. கரையைத் தனியாக நெய்து உடலோடு கோக்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலை நெய்கிறவன் ஒருவன், வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு ஊடைநூல் ஓட்டும் நாடா தள்ளுகிறவர் ஒருவர். மற்ற வீடுகளில் அந்த இடத்தில் பெற்ற பிள்ளை உட்காரும். இந்த வீட்டில் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து குழலிதான் உட்கார்ந்திருந்தாள். தெருவில் யாராவது வம்புக்கென்றே, "இன்னும் நீதான் குந்திக்கினு இருக்கியா?" என்று கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே நாடாவைத் தள்ளுவாள். அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன் அவன்.

மாமியார் என்றதும் ஒரு கொடுமைக்காரியை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டாம். காமாட்சியம்மாள் வாய்தான் பெரிது. தாமலிலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி, "பையனுக்கு இன்னொண்ணு பாக்கலாமே" என்று ஆரம்பித்தபோது, குடித்துக்கொண்டிருந்த மோர்ச் சொம்பை அவள் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்பு" என்றவள் இவள். கோயில் மாமரத்தடியில் பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டியதும், செவ்வாய்க்கிழமை பட்டினி கிடந்ததும் மருமகள் மட்டும் இல்லை, மாமியாரும்தான்.

மூன்றாம் வீட்டில் குடியிருந்த மங்கையர்க்கரசி அரசாங்க நர்சு. பகலெல்லாம் சிவப்பு முக்கோணம் போட்ட பையை மாட்டிக்கொண்டு திருப்புட்குழி, தாமல் என்று ஊர் ஊராகப் போய், பிள்ளை போதும், போதும் என்று சொல்வது அவள் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது குழலியைத் தறியில் பார்த்தால் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். எழுபத்து மூன்றாம் வருஷக் கடைசியில் அவள்தான் வந்து சொன்னாள்: "அண்ணே, மெட்ராஸ்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. சீமையிலேருந்து வர்ற ஊசி போடறாங்க. நாலஞ்சு பேருக்குத் தங்கியிருக்குது. ஒருதரம் காட்டிட்டு வந்துடுங்க."

காட்டினார்கள். டாக்டரம்மா எல்லாச் சோதனையும் முடித்துவிட்டு இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னாள்.

"இது சத்து ஊசி இல்லை. சினைப்பையில முட்டையை வளர வைக்கிற மருந்து. குறைஞ்சா வளராது, கூடினா சினைப்பை வீங்கி உயிருக்கே ஆபத்தாப் போயிடும். தினம் சாயங்காலம் ஒரே நேரத்துக்கு ஒரு குப்பி. ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா நீங்களா மறுநாள் சேத்துப் போடக்கூடாது, எனக்குச் சொல்லணும். நான் சொல்ற நாள்ல இங்க வந்து காட்டணும். முட்டை முதிர்ந்ததும் கடைசியா வேற ஒரு ஊசி. அதை நான் பாத்து, நானேதான் போடுவேன்."

மாணிக்கவாசகம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். விட்டுப்போனால் என்று அவள் சொன்னது மட்டும் அவன் மனத்தில் தங்கவில்லை. அது சோம்பேறிகளுக்குச் சொல்வது, நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டான். கிளம்பும்போது டாக்டரம்மா குப்பிகளை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்து, உடைந்தால் இருக்கட்டும் என்று கூடவே ஒன்றையும் சேர்த்து வைத்தாள்.

அன்று வெளியே வரும்போது அவன் கண்ட காட்சி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அரக்கோணத்திலிருந்து வந்திருந்த ஒரு புருஷன் பெண்டாட்டியை டாக்டரம்மா வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். ஏதோ ஊசியை நாள் மாற்றிப் போட்டுவிட்டார்களாம். "உங்க இஷ்டத்துக்குப் போடறதுக்கா நான் படிச்சேன்? நிறுத்துங்க எல்லாத்தையும், ஊருக்குக் கிளம்புங்க" என்றாள். அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மாணிக்கவாசகம் அதற்கு மேல் நின்று கேட்காமல் குழலியை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டான். பஸ்ஸில் வரும்போது, "நம்மள அப்பிடி அனுப்பிட்டா போக்கிடம் ஏது குழலி?" என்றான்.

தை பிறந்ததும் ஊசி ஆரம்பமாயிற்று. வெயில் படாத குளிர்ந்த இடத்தில் மருந்து இருக்க வேண்டும். அந்த வீட்டில் அப்படிப்பட்ட இடம் தறிக்குழிதான். ஒரு மண்சட்டியில் ஈரமணலைப் பரப்பி, குப்பிகள் நனையாமல் டப்பாவில் போட்டு, அதைச் சட்டிக்குள் வைத்துக் குழியின் மூலையில் இறக்கினான். முதல் சில நாட்கள் மங்கையர்க்கரசியே வந்து போட்டாள். கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைப்பது, ஆறும்வரை கையால் தொடாமல் இருப்பது, பொடிக்குள் உப்புத்தண்ணீரை விட்டுக் குலுக்காமல் உள்ளங்கையில் மெள்ள உருட்டுவது, காற்றை வெளியே தள்ளுவது, இடுப்புக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு நாள் வலம், ஒரு நாள் இடம் என்று போடுவது. எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பட்டிழையை எடுத்து எடுத்துப் பழகிய கை. சீக்கிரம் படிந்துவிட்டது. ஒரே ஒரு நாள் பதற்றத்தில் மருந்து பாதி வெளியே கசிந்து குழலியின் புடவையில் போனது. அது அவன் மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

பிறகு நர்சுக்குத் தாமல் பக்கம் ஆபரேஷன் முகாம் போட்டார்கள். பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்கான முகாம். முடிகிறவரை அங்கேயே தங்க வேண்டும். போகும்போது, "அண்ணே, சொன்னபடி போடுங்க. எதுனா ஒண்ணு முன்னே பின்னே ஆச்சின்னா பட்டுக்கடையிலேருந்து டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிடுங்க, கூச்சப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் போன பின் தை அமாவாசை வந்தது.

காலையில் அப்பனுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்தான். தறியை மூடியாயிற்று. சாயங்காலம் அவன் ஊசியைக் கொதிக்கவைக்க அடுப்பண்டை போனபோது காமாட்சியம்மாள் மறித்துக்கொண்டாள்.

"இன்னாடா பண்றே? இன்னிக்கு இன்னா நாளு?"

"ஊசி போடணும்மா. நேரம் ஆயிடுச்சி."

"உங்க நைனா வந்து நிக்கிற நாளுடா இது. தறியில ஒரு ஆணியத் தொடமாட்டோம். புள்ள வேணும்னு நிக்கிற பொண்ணு ஒடம்புல இன்னிக்கு இரும்பக் குத்தி ரத்தம் காட்டுவியா? அவரு வவுத்தெரிச்சலக் கொட்டிக்கிட்டா அப்பால எந்த டாக்டரம்மா வந்து காப்பாத்துவா?"

அவன் குழலியைப் பார்த்தான். அவள் மாமியாரைப் பார்த்தாள். கிழவி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். அமாவாசையில் இரும்பு எடுக்காத வழக்கத்தை அவனும் அதுவரை மீறியதில்லை. இத்தனை வருஷம் வராத பிள்ளை வருகிற சமயத்தில் செத்த தகப்பனைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? சட்டி குழிக்குள்ளேயே இருந்தது. கடைக்குப் போய்ப் போன் செய்திருக்கலாம். அமாவாசை, கடை பூட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் வழக்கம்போல் இருட்டோடு தறியில் இறங்கி இரண்டு நாள் நெசவை நெய்தான். சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு, அதே கையோடு இரண்டு குப்பியை உடைத்து ஒரே ஊசியில் ஏற்றினான். வேறு விதமாகச் செய்ய அவனுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் கொடுமை.

குழலி கவிழ்ந்து படுத்திருந்தவள் தலையைத் திருப்பினாள். "இன்னாங்க, இன்னிக்கி ரெண்டு?"

"நேத்துதும் சேத்து."

"டாக்டரம்மா அப்பிடிப் போடக்கூடாதுன்னாங்களே?"

"விட்டுப்போனா பயிரு பட்டுப்போவாதா? பேசாம படு."

அவள் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் அவள் எப்போதும்போல் எழுந்து கோலம் போட்டாள், தறியில் உட்கார்ந்தாள். அதுதான் அவனுக்குத் தைரியம் கொடுத்தது. அன்றைக்குக் கசிந்து போன பாதியும் பாக்கிதானே என்று நினைத்து, உடைந்தால் என்று கொடுத்திருந்த குப்பியையும் அன்றைய மருந்தோடு சேர்த்துப் போட்டான். இப்போது எல்லாம் சரிக்குச் சரியாகிவிட்டது என்று அவன் மனம் ஆறிப்போயிற்று.

டாக்டரம்மா வரச்சொன்ன நாளில் பட்டணம் போனார்கள். அவள் குழலியைப் படுக்கவைத்து வெகுநேரம் அழுத்திப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டே நெற்றியைச் சுருக்கினாள்.

"எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கு. மருந்து தினம் ஒண்ணுதானே போட்டீங்க?"

அரக்கோணத்துப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றது அவன் கண்முன் வந்து போயிற்று. திரைக்குப் பின்னால் புடவையைச் சரிசெய்துகொண்டிருந்த குழலியின் வளையல் சத்தம் நின்றுவிட்டதைக் கேட்டான்.

"ஆமாம்மா. ஒண்ணுதாம்மா."

"நாள் எதுவும் விடலையே?"

"இல்லீங்கம்மா."

"கூடக் கொடுத்த குப்பி?"

"கை தவறி ஒடஞ்சிபோச்சிம்மா."

வாழ்நாளில் ஒரு கடைக்காரரிடம்கூடப் பொய் சொல்லாதவன். மூன்று பொய்யும் நெய்து வைத்ததுபோல் தங்குதடையில்லாமல் வந்தது. டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். "சிலருக்கு உடம்புவாகு அப்படி. தினம் ஒண்ணுதான்னா பயமில்லை" என்று சொல்லிக் கடைசி ஊசியைப் போட்டாள். வயிறு உப்பினால், வாந்தி வந்தால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால் அந்த நிமிஷமே கிளம்பி வர வேண்டும் என்று குழலியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். வெளியே வந்ததும் குழலி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லியிருக்கலாங்க." அவன், "சொன்னா அனுப்பிட்டிருப்பாங்கடி, அதோட தலைமுழுகவேண்டியதுதான்" என்றான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் போயிருக்கும். குழலிக்கு வயிறு கனத்தது. கொசுவம் நிற்கவில்லை, சோறு இறங்கவில்லை. காமாட்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நின்னுடுச்சி போலிருக்குதுடா!" என்று குலதெய்வத்துக்கு மஞ்சள்துணியில் காசு முடிந்தாள். அதற்குள் எந்தப் பெண்ணுக்கு வயிறு தெரியும்? பெற்றெடுத்தவள்தானே அவள், தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. "போய்க் காட்டிட்டு வந்துடலாங்க" என்று குழலி கேட்டபோது மாணிக்கவாசகம் நாளைக்கு என்றான். டாக்டரம்மா சொன்ன ஒவ்வொரு குறியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. கூட்டிக்கொண்டு போனால் மறுபடி கேட்பாளே என்ற பயத்தில், இன்று வடிந்துவிடும், நாளை வடிந்துவிடும் என்று தறியில் உட்கார்ந்திருந்தான். பாழாய்ப்போன பயம்!

முகாம் முடிந்து திரும்பிய மங்கையர்க்கரசி பையைக்கூட இறக்காமல் உள்ளே வந்தாள். சுவரில் சாய்ந்து மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்த குழலியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஒண்ணுக்குப் போனியாம்மா?"

"காலையிலேருந்து கொஞ்சூண்டு."

"அண்ணே, நீ மனுசனா? இத்தப் பாத்துக்கினா குந்தியிருக்கே? ஓடு, வண்டி புடிச்சிக்கினு வா!"

வாடகைக் காரில் பூந்தமல்லி தாண்டும்வரை குழலி நர்சின் தோளில் சாய்ந்து நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி குத்தித் தண்ணீரை வடித்தார்கள், கையில் பாட்டில் ஏற்றினார்கள். மறுநாள் டாக்டரம்மா அவனை வராந்தாவுக்கு அழைத்தாள்.

"கரு தங்கியிருக்கு."

அவன் இரண்டு கையையும் கூப்பினான். சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சந்தோஷப்படற நேரம் இல்லை இது. கரு தங்கினதாலயே வீக்கம் இன்னும் ஏறும். ஒவ்வொரு நாளாத்தான் பாக்கணும்" என்றாள். அவன் போய்க் குழலியின் காதில் சொன்னான். பேச மூச்சு இல்லாமல் அவள் அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். மதியச் சோற்றுக்கு மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். அவர்களுக்கு வாய்த்த நல்ல நேரம் அவ்வளவுதான்.

அடுத்த நாள் பிற்பகலில் குழலி வீறிட்டு அலறினாள். வீங்கிய சினைப்பை ஒன்று முறுக்கிக்கொண்டு கறுத்துவிட்டது. அறுத்துப் பார்த்தபோது மற்றொன்று வெடித்து ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. இரண்டையும் எடுத்தால்தான் உயிர் என்றார்கள். எடுத்தார்கள். இரண்டு நாளில் கருவும் போய்விட்டது. அத்தோடு இனி எந்த ஊசிக்கும் எந்தச் சாமிக்கும் அங்கே வேலை இல்லை.

டாக்டரம்மா வராந்தா பெஞ்சில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெரிய டாக்டர் அப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க மாணிக்கவாசகம். அன்னைக்கே பெரிசா இருக்குன்னு எனக்குத் தோணிச்சு. தினம் ஒண்ணுக்கு இவ்வளவு ஆகக்கூடாது. நான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன். இனிமே இந்த மருந்தை யாருக்கும் எழுதவே எனக்குக் கை வராது."

மூன்று பொய் சொன்ன வாயை வைத்துக்கொண்டு இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியவில்லை அவனால். அமாவாசையைச் சொன்னான், இரண்டு குப்பியைச் சொன்னான், மறுநாளும் போட்டதைச் சொன்னான், உடையாத குப்பியைச் சொன்னான்.

அவள் திட்டுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தான். அவள் திட்டவில்லை. மெதுவான குரலில் பேசினாள்.

"ஒரு நாள் விட்டுப்போனதால ஒண்ணும் கெட்டிருக்காது. சேத்துப் போட்ட பிறகாவது சொல்லியிருந்தா அந்தக் கடைசி ஊசியைப் போடாம விட்டிருப்பேன். வீக்கம் தானா வத்தியிருக்கும். அடுத்த மாசம் முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கலாம்."

"அந்த அரக்கோணத்தாரைத் தொரத்தி உட்டீங்களேம்மா..."

"அடுத்த மாசம் வாங்கன்னுதானே அனுப்பினேன்."

அவன் எழுந்து வார்டுக்குப் போனான். குழலி கண்ணை விழித்திருந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. நர்சு மங்கையர்க்கரசி பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவள் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

"டாக்டரம்மாகிட்ட இன்னா பேசிக்கினு இருந்தீங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். அவளும் நம்பிவிடுவாள். அவன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தயும் சொல்லிட்டேன் குழலி" என்றான்.

"இன்னா சொன்னாங்க?"

"அன்னிக்கே சொல்லியிருந்தா, நிறுத்திட்டு... அடுத்த மாசம் மறுபடி போட்டிருக்கலாம்னாங்க."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வரவில்லை. சின்னப் பிள்ளைக்குப் புரியாததை விளக்கிச் சொல்கிறவள் மாதிரி, மூச்சுக்கு நடுவே விட்டுவிட்டுக் கேட்டாள்.

"இத்தினி வருசம் காத்துக்கினு இருந்தேனேங்க... ஒரு மாசம் இருந்திருக்கமாட்டேனா?"